அத்தாயியை அறிந்தவர்

மல்லசமுத்திரத்துப் பக்கம் எந்தக் காட்டில் எத்தனை அடியில் தண்ணீர் கிடக்கிறது என்று கேட்டால் காளியப்பன் யோசிக்காமல் சொல்லுவார். இந்தக் காட்டில் அறுநூறு. அந்த மேட்டில் ஆயிரத்து இருநூறு. அதற்கு அந்தப் பக்கம் ஆயிரத்து ஐந்நூறு போனாலும் புழுதிதான். படிப்பு ரெண்டாவது வகுப்பு. பதினாலு வயதில் போர்வெல் போடும் ரிக் வண்டியில் பைப் தூக்கப் போனவர், முப்பத்திரண்டு வயதில் சொந்த வண்டி நிறுத்தினார். ஒடிசாவில் பாறை, மத்தியப் பிரதேசத்தில் கரிசல், ஆந்திராவில் சுண்ணாம்பு எல்லாம் பார்த்தவர். பொறியியல் படித்தவர்கள் காகிதத்தை வைத்துக்கொண்டு நின்ற இடத்தில் வெறும் காலால் மிதித்துப் பார்த்துத் துளை போடப் புள்ளி வைத்தவர். சும்மா சொல்லக்கூடாது, உழைத்து மேலே வந்த மனிதன் என்றால் இந்தச் சுற்று வட்டாரத்தில் அவருக்குப் பிறகுதான் இன்னொருத்தர்.

அப்படிப்பட்டவர் எழுபத்து நாலாவது வயதில், பக்கத்துக் காட்டில் ரெண்டு மாடு வைத்துப் பிழைக்கும் ஒரு பொம்பிளையைப் பார்த்து வயிறெரிந்தார். அவள் பெயர் கந்தம்மாள்.

காரணம் அவர் சம்சாரம் அத்தாயி. மூன்று வருசமாக அத்தாயிக்கு மறதி. முதலில் அடுப்பில் வைத்ததை மறந்தாள். பிறகு சாவியை அரிசிக் குண்டாவில் போட்டாள். இப்போது காலையில் எழுந்து காளியப்பனைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, விருந்தாளியைக் கேட்பதுபோலக் கேட்பாள்.

"வாங்க. எப்ப வந்தீங்க? வண்டி எங்க நிக்குது?"

"நான் எங்க போனேன்? ஒம்பது வருசமா இங்கதான இருக்கறேன்."

"சரிங்க. ஆயுத பூசை முடிஞ்சதும் கெளம்பிருவீங்களா?"

தினமும் இதே பேச்சு. ரிக் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது புரியும். வடக்கே மழை பிடித்துவிட்டால் வேலை நிற்கும். ஆனி கடைசியில் வீட்டுக்கு வருவார்கள். வண்டியைக் கழுவி, பழுது பார்த்து, ஆயுத பூசை போட்டுப் பொரியைக் கொடுத்துவிட்டு மறுபடி கிளம்பினால் அடுத்த ஆனிதான். காளியப்பன் முப்பத்தொன்பது வருசம் அப்படித்தான் குடித்தனம் நடத்தினார்.

அவரைப் பார்த்து எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்கிறவள், கந்தம்மாளைப் பார்த்து ஒரு நாளும் எப்போது வந்தாய் என்று கேட்டதில்லை. அங்கேதான் அவருக்குக் குத்தியது. காலை அஞ்சரைக்கும் சாயங்காலம் அஞ்சுக்கும் அத்தாயி பால் கேனைத் தூக்கிக்கொண்டு கேட்டருகே போய் நிற்பாள். ரெண்டு ரிக் வண்டி நுழைவதற்காகக் காளியப்பன் போட்ட பெரிய இரும்புக் கேட் அது. கந்தம்மாள் வருவாள். ரெண்டு பேரும் அரை மைல் நடந்து பால் சொசைட்டிக்குப் போவார்கள். அத்தாயியின் மாடுகளை விற்று ரெண்டு வருசம் ஆகிறது. கேன் காலி. கந்தம்மாள் வழியிலேயே தன் பாலில் கொஞ்சத்தை அதில் ஊற்றிக் கொடுத்துவிடுவாள். அத்தாயி அதைச் சொசைட்டியில் கம்பீரமாக நீட்டுவாள். இருபத்தாறு வருசமாக நடக்கிற நடை, மாடு போன பிறகும் நிற்கவில்லை.

"வெறுங்கேனைத் தூக்கிட்டு ஊரெல்லாம் சிரிக்கப் போறாளுக" என்று காளியப்பன் சொல்லுவார். ஊர் சிரிக்கவில்லை. அவருக்குத்தான் பொறுக்கவில்லை.

ஆவணி மாசம், சேலத்தில் ஒரு மருத்துவமனைக்கு அத்தாயியைக் கூட்டிக்கொண்டு போனார். மறதி எந்த அளவில் இருக்கிறது என்று சோதித்துப் பார்த்துவிட்டால் மருந்தை அதற்குத் தக்கபடி கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கந்தம்மாளும் தயிர் சோற்றுத் தூக்கோடு காரில் ஏறிக்கொண்டாள். அத்தாயி அவள் ஊட்டினால்தான் வெளியில் சாப்பிடுவாள். ஆனாலும் மருத்துவமனை வாசலில் காளியப்பன் சொல்லிவிட்டார்.

"நீ கார்லயே இரு. உள்ள உனக்கு என்ன வேலை?"

"சரிங்ணா."

சோதனை எடுக்கிற பெண்ணின் பெயர் மோகனப்பிரியா. முப்பது வயதிருக்கும். ஊசி இல்லை, ஸ்கேன் இல்லை, ஒரு பேனாவும் நாலைந்து தாளும்தான். அவள் முதலில் காளியப்பனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அய்யா, முதல்ல கூட இருக்கறவங்ககிட்ட சில விசயம் கேட்டுக்குவோம். அப்பறம் அதையே அம்மாகிட்டயும் கேப்போம். நீங்க சொல்றதும் அவங்க சொல்றதும் ஒத்துப்போகுதானு பாக்கணும். அம்மாவை நல்லாத் தெரிஞ்சவங்க சொன்னாத்தான் சரியா வரும்."

"நாப்பத்தெட்டு வருசத்துக் குடித்தனம் அம்மிணி. என்னை உட்டா வேற ஆரு?"

"அம்மா பொறந்த ஊரு?"

"மேச்சேரி. என்ற மாமனாருக்கு அங்க பட்டி நெறைய ஆடு. மேச்சேரி ஆடுன்னா நாலு ஜில்லாவுக்குத் தெரியும்."

"படிப்பு?"

"பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவ. நான் ரெண்டாவது. அந்த ரெண்டாவதை வெச்சுத்தான் ஏழு மாநிலம் பாத்தேன்."

"போன ஞாயித்துக்கிழமை என்ன விசேசம்?"

"ஓமலூர்ல என்ற மச்சான் பேரனுக்குக் காதுகுத்து. கார்ல கூட்டிக்கிட்டுப் போயிருந்தேன்."

மோகனப்பிரியா எழுதிக்கொண்டாள். அடுத்தது அத்தாயியின் முறை. வெளியே இருங்கள் என்றதற்கு, வாயே திறக்காமல் மூலையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று அடம்பிடித்து உள்ளே உட்கார்ந்தார்.

"அம்மா, இது என்ன மாசம்?"

"கடலைக்குக் களை வெட்டற மாசம்."

மோகனப்பிரியா சிரித்துக்கொண்டே அதைச் சரி என்று போட்டாள். எலுமிச்சம்பழம், சாவி, பலூன் என்று மூன்று பெயர் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். அத்தாயிக்கு எலுமிச்சம்பழம் மட்டும் நின்றது. தாளைக் கையில் வாங்கி ரெண்டாக மடித்து மடியில் வைக்கச் சொன்னதை அழகாகச் செய்தாள். கடிகாரம் வரையச் சொன்னபோது வட்டம் போட்டு நிறுத்திக்கொண்டாள்.

"நீங்க பொறந்த ஊரு எதுங்கம்மா?"

"ஜேடர்பாளையம்."

"ம்க்கும்" என்றார் காளியப்பன் மூலையிலிருந்து. "மேச்சேரியை மறந்துட்டா."

"அய்யா, பேசக்கூடாது. எத்தனாவது வரைக்கும் படிச்சீங்கம்மா?"

அத்தாயி புருசனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குரலைத் தணித்து, "அஞ்சாவது" என்றாள். காளியப்பன் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"போன ஞாயித்துக்கிழமை என்ன விசேசம்ங்கம்மா?"

"செவலை கண்ணுக்குட்டி போட்டுது. காளைக்கண்ணு."

"மாடே இல்லை அம்மிணி. வித்து ரெண்டு வருசமாச்சு" என்றார் காளியப்பன்.

கணக்கைக் கூட்டிப் பார்த்து மோகனப்பிரியா சொன்னாள். "ரெண்டு வருதுங்கய்யா. மூணு வரைக்கும் உண்டு."

"மூணுக்கு ரெண்டா? பரவால்லியே."

"இல்லீங்கய்யா. எண்ணு கூடக்கூட நோய் அதிகம். ஒண்ணுனா ஆரம்பம். ரெண்டுனா நடுவுல. மூணுனா முத்திப்போச்சுனு அர்த்தம்."

"ஓ. போர்ல அடி கூடறாப்பல."

ரெண்டு என்றால் வெளியே தனியாக விடக்கூடாது, கேட்டைப் பூட்டி வையுங்கள் என்று டாக்டர் சொன்னார். ஆனால் மோகனப்பிரியாவுக்கு மனசு ஒப்பவில்லை போலிருக்கிறது. கிளம்பும்போது கேட்டாள். "அம்மா இத்தனை தெளிவாத் தப்பாச் சொல்றாங்களேனு பாக்கறேன். அம்மாவோட தினமும் இருக்கறவங்க வேற யாராவது இருக்காங்களா?"

காளியப்பன் வாயைத் திறப்பதற்குள் அத்தாயி சொல்லிவிட்டாள். "கந்தா வந்திருக்கறா. கார்ல."

"இன்னிக்கு நேரம் முடிஞ்சுபோச்சு. அடுத்த வாரம் அவங்களைக் கூட்டிட்டு வாங்க. இன்னொரு தடவை போட்டுப் பாத்துருவோம்."

அந்த 'அவங்களை' என்ற சொல் பாதி வழி தாண்டியும் காளியப்பன் காதிலேயே இருந்தது. நாப்பத்தெட்டு வருசத்துப் புருசன் சொன்னது பத்தாது, கார்க்குள் தூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் வந்து சொல்லவேண்டுமாம். பின் சீட்டில் கந்தம்மாள் அத்தாயிக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்ததைக் கண்ணாடியில் பார்த்தார். அத்தாயி அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தன் தோளில் அவள் அப்படிச் சாய்ந்தது எப்போது என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை. மறதி அவருக்குமா என்று கேட்காதீர்கள். நடக்காததை யாரால் நினைக்க முடியும்.

வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னார். "கந்தம்மா, டாக்டர் வெளிய உடக்கூடாதுன்னுட்டாரு. இனிமே நீ வர வேண்டாம்."

"சாயங்காலம் அக்கா கேட்டுக்கிட்ட வந்து நிக்குமேங்ணா."

"நான் பாத்துக்கறேன். என்ற ஊட்டுக்காரியை எனக்குப் பாத்துக்கத் தெரியும்."

அன்றைக்கே பெரிய பூட்டாக வாங்கி மாட்டினார். ஆக, டாக்டர் சொன்ன ரெண்டு என்ற எண் அவருக்கு ஒரு விதத்தில் நல்லதாகப் போய்விட்டது. நோய் ரெண்டாக இருக்கிற வரைக்கும் பூட்டு இருக்கும். பூட்டு இருக்கிற வரைக்கும் அத்தாயி அவருக்கு மட்டும்தான். அடுத்த வாரம் சேலம் போகிற எண்ணத்தை அவர் கைவிட்டுவிட்டார். மழைக்கு வேலை நின்றும் வண்டிக்குக் காவலாகச் சத்தீஸ்கரிலேயே தங்கிவிட்ட மகன் இளவழகனுக்குப் போன் போட்டு எல்லாம் பார்த்துக்கொண்டேன் என்று பெருமையாகச் சொன்னார்.

பார்த்துக்கொண்ட லட்சணம் நாலு நாளில் தெரிந்தது. சோறு ஊட்டினால் வாயை மூடிக்கொண்டாள். தலை சீவ வந்தால் வெட்கப்பட்டுத் திரும்பிக்கொண்டாள். பொழுது அஞ்சு ஆனால் கேனைத் தூக்கிக்கொண்டு கேட்டருகே போய்ப் பூட்டை ஆட்டுவாள்.

"தெறந்து உடுங்க. பால் கெட்டுப்போயிரும்."

"கேன்ல பாலே இல்லை அத்தாயி."

"கந்தா தருவா" என்றாள்.

அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது, கேன் காலி என்பது அவளுக்கும் தெரியும் என்று.

அஞ்சாம் நாள் சாயங்காலம் வண்டிக் கொட்டகையில் படுத்திருந்தவருக்குப் பேச்சுக்குரல் கேட்டது. எழுந்து மறைவில் நின்று பார்த்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம் கந்தம்மாள். கம்பி வழியாகக் கையை விட்டு அத்தாயி கையைப் பிடித்திருந்தாள். அத்தாயி சிரித்துக்கொண்டிருந்தாள். அஞ்சு நாளாக இந்த வீட்டில் இல்லாத சிரிப்பு.

"காளைக்கண்ணு எப்பிடி இருக்குது?"

"துள்ளுது அக்கா. நீ வந்து பேரு வைக்கோணும்."

"ஆத்துல தண்ணி உட்டுட்டாங்களா?"

"உட்டாச்சு. உன்ற ஊரு ஜேடர்பாளையத்துல அணையில தண்ணி வழியுதாம். ஆயுத பூசைக்கு மேல போலாமா?"

காளியப்பன் வெளியே வந்தார். "அவ ஊரு மேச்சேரி. நோயாளிகிட்டப் பொய்யைச் சொல்லிக் குழப்பாத."

கந்தம்மாள் கையை எடுக்கவில்லை. "அப்பன் ஊரு மேச்சேரிங்ணா. பொறந்தது ஜேடர்பாளையம். அவங்க அம்மா பொறந்த ஊடு அங்கதான. தலைப்பிரசவத்துக்குத் தாய் ஊட்டுக்குப் போயிருந்தாங்க. அஞ்சு மாசம் கழிச்சுத்தான் மேச்சேரிக்கு வந்தாங்க. அக்கா எத்தனை தடவை சொல்லியிருக்குது."

"எனக்கு எப்பவும் சொன்னதில்லை."

"உங்க இளவழகன் எந்த ஊர்லீங்ணா பொறந்தான்?"

இளவழகன் பிறந்தது மேச்சேரியில். தலைப்பிரசவம், தாய் வீடு. அப்போது அவர் ஒடிசாவில் எண்ணூறு அடியில் சிக்கிய துளை பிட்டை மீட்டுக்கொண்டு நின்றார். பிள்ளையை மூன்றாம் மாசம்தான் பார்த்தார். ஊரில் யாரைக் கேட்டாலும் இளவழகன் மல்லசமுத்திரத்துக்காரன் என்பார்கள். பிறந்தது எங்கே என்றால் மேச்சேரி என்பதுதான் நிசம். ஊருக்கெல்லாம் தெரிந்த வழக்கம் இது. பிறந்த ஊர் என்றதும் மாமனார் ஊரைச் சொல்லிவிட்டு, சம்சாரத்தைப் பார்த்துச் சிரித்தவர் அவர்.

"படிப்பு?" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"அஞ்சாவது. சொசைட்டி நோட்டுல எழுதறதை எனக்கு அக்காதான் படிச்சுச் சொல்லும். இப்பவும் எழுத்துக் கூட்டிப் படிக்கும்."

"எங்கிட்ட ஏன் மறைச்சா?"

கந்தம்மாள் கொஞ்சம் தயங்கினாள். "நான் ரெண்டாவது, ரெண்டாவதை வெச்சு ஏழு மாநிலம் பாத்தேன்னு எல்லாத்துகிட்டயும் சொல்லுவீங்களேங்ணா. அதுக்கு மேல நான் அஞ்சாவதுன்னு அது எப்பிடிச் சொல்லும்?"

"ஞாயித்துக்கிழமை?"

"காதுகுத்துக்குப் போறதுக்கு முன்னால, வெள்ளன, என்ற செவலை கண்ணு போட்டுது. அக்காதான் கிட்ட இருந்து துடைச்சு உட்டுது. நீங்க காரைக் கழுவிட்டு இருந்தீங்க."

அன்று ராத்திரி கொட்டகையில் விரல் விட்டு எண்ணினார். எப்போதும் அடியில் கணக்குப் போடுகிறவர் மாசத்தில் கணக்குப் போட்டார். முப்பத்தொன்பது வருசம், வருசத்துக்கு மூன்றரை மாசம். பதினோரு வருசம் சொச்சம். கடைசி ஒன்பதையும் சேர்த்தால் இருபது. நாப்பத்தெட்டு என்று எல்லோரிடமும் சொன்னது இருபதுதான். அந்த இருபதிலும் பாதி நாள் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். கந்தம்மாளுக்கோ இருபத்தாறு வருசம், நாளுக்கு ரெண்டு நடை. கணக்கிலும் அவள்தான் முன்னால் நின்றாள்.

தெரிந்த பிறகும் ரெண்டு நாள் பூட்டைத் திறக்கவில்லை. நல்லவர் மனசும் இப்படித்தான், ஒரு நாளில் இறங்கிவிடாது. ரெண்டு என்பது தப்பு என்று சேலத்தில் போய்ச் சொன்னால், அந்தத் தாளில் கந்தம்மாள் பெயரை எழுதுவார்கள். தன் வாயாலேயே தன்னை வெட்டிக்கொள்வது. இருக்கட்டும், வீட்டுக்குள்ளேதானே இருக்கிறாள், ஒன்றானால் என்ன ரெண்டானால் என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஏழாம் நாள் காலையில் அத்தாயி அவர் எதிரில் வந்து நின்றாள். எப்போது வந்தீர்கள் என்று கேட்கவில்லை. கையில் அவருடைய பழைய தோள்பை. அதற்குள் ரெண்டு வேட்டி, ஒரு துண்டு, பொட்டலமாக மடித்த பொரி.

"ஆயுத பூசை முடிஞ்சு போச்சுங்க. வண்டிக்கு நேரமாச்சு. நீங்க கெளம்புங்க" என்றாள்.

"ஏன் அத்தாயி?"

"நீங்க போனாத்தான கேட்டைத் தெறப்பாங்க."

காளியப்பன் அந்தப் பையைக் கையில் வாங்கிக்கொண்டார். வாழ்க்கையில் எத்தனையோ பாறை பார்த்தவர். பொரிப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து மறுபடி மடித்து வைத்தார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு போய்ப் பூட்டைக் கழற்றினார். அப்படியே நடந்து கந்தம்மாள் வீட்டு வாசலில் நின்றார்.

"சேலத்துக்குப் போவோணும். சோதனைக்கு நீ உள்ள வரோணும்."

"நான் என்னங்ணா பேசுவேன் அங்க?"

"எங்கிட்டப் பேசினதைப் பேசு."

மோகனப்பிரியாவிடம் அவரே முதலில் சொன்னார். நின்றுகொண்டே சொன்னார். "அம்மிணி, போன வாரம் நான் சொன்னதுல ரெண்டு தப்பு, மூணாவது அரைகுறை. அவ சொன்ன மூணும் சரி. எனக்குத் தெரியலை. தெரியாததைத் தெரிஞ்சாப்பல சொன்னேன்."

"பரவால்லீங்கய்யா. சொன்னீங்களே. அதுவே போதும்."

"போதாது. அதை அடிச்சுட்டு எழுது. நான் பாக்கறேன்."

இந்தத் தடவை அவர் வெளியே உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார்கள். உள்ளே கந்தம்மாள் பேசுவது கேட்டது, சொல் தெரியவில்லை. நடுவில் ஒரு தரம் மூன்று பொம்பிளைகளும் சிரித்தார்கள். என்னத்துக்குச் சிரித்தார்கள் என்று தெரிந்துகொள்ள அவர் கதவுக்குப் பக்கத்து நாற்காலிக்கு மாறினார். அப்போதும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளிடம், உள்ளே இருப்பது என் சம்சாரம் என்று ரெண்டு தடவை சொன்னார்.

முடிவு ஒன்று என்று வந்தது. ஆரம்பம்தான். அடுப்பைத் தனியாக விடக்கூடாது, மாத்திரையைக் கையில் கொடுக்கக்கூடாது. மற்றபடி பழகின வேலை, பழகின நடை எதையும் நிறுத்த வேண்டாம், கூட ஒரு ஆள் இருந்தால் போதும் என்று டாக்டர் சொன்னார். மோகனப்பிரியா தாளை நீட்டினாள். நோயாளியை நன்கு அறிந்தவர் என்ற கட்டத்தில் கந்தம்மாள் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் உறவு என்ற கட்டம் காலியாக இருந்தது.

"என்ன உறவுனு போடட்டும்?"

கந்தம்மாள் அத்தாயியைப் பார்த்தாள். அத்தாயி சொன்னாள். "பாலுக்குப் போறவ."

அப்படியே எழுதினார்கள். காளியப்பன் அதற்குக் கீழே, கூட்டி வந்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். ரெண்டாவது படித்த கை, அழுத்திப் போட்டதில் தாள் கிழியப் பார்த்தது.

"மறுபடி எப்ப சோதனை அம்மிணி?"

"ஆறு மாசம் கழிச்சு."

"அப்ப வேற தாள்தான?"

"ஆமாங்கய்யா. புதுத் தாள்."

"சரி" என்றார்.

மறுநாள் காலை அஞ்சரை. அத்தாயி கேனோடு வந்தாள்.

"வாங்க. எப்ப வந்தீங்க?"

"நேத்துத்தான் வந்தேன்."

"ஆயுத பூசை முடிஞ்சதும் கெளம்பிருவீங்களா?"

"இந்த வருசம் வண்டி கெளம்பலை."

அத்தாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அதை நம்பினாளா என்று சொல்ல முடியாது. "அப்பச் சரி. கேட்டைத் தெறங்க, கந்தா நிப்பா" என்றாள்.

திறந்தார். ரெண்டு பேரும் நடந்தார்கள். பத்தடி போனதும் காளியப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் கிளம்பினார்.

"நீங்க எங்கீங்ணா?" என்றாள் கந்தம்மாள்.

"சொசைட்டிக்கு. நடக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கறாரு."

"உங்களுக்கா சொன்னாரு?"

"நாலு வார்த்தை கேட்டுக்கிட்டே வாரேன். எத்தனை வருசமா என்னதான் பேசறீங்கன்னு தெரிய வேண்டாமா?"

"நீங்க பக்கத்துல இருந்தா அக்கா பேசாதுங்ணா."

நிசம்தான். அத்தாயி வாயை மூடிக்கொண்டாள். ரெண்டு பொம்பிளைகளும் நடையை எட்டிப் போட்டார்கள். இடைவெளி இருபதடி ஆனதும் அத்தாயி தலையைச் சாய்த்துக் கந்தம்மாள் காதில் ஏதோ சொன்னாள். கந்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புதுத் தாளுக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கிறது என்று காளியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடையைக் கூட்டினார்.